பெயரில் எலுமிச்சை இருக்கிறது, பூவில் ஏன் இல்லை?

கேள்வி: நான் இருக்கும் இடத்தில் வீட்டில் சில கஞ்சாச் செடிகள் வளர்க்கச் சட்டத்தில் அனுமதி உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு என்று பெயர் வைத்த மூன்று ரகங்களை விதையிலிருந்து வளர்த்தேன். ஒன்றில் மட்டும்தான் ஆரஞ்சு மணம் வந்தது, மற்ற இரண்டில் மண் வாடையும் மிளகு வாடையும்தான். அந்த ஒன்றிலும் காயவைத்த பிறகு மணம் போய்விட்டது. ஜாடியில் ஆரஞ்சுத் தோல் போட்டால் திரும்ப வரும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: தோல் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில், இது உங்கள் வளர்ப்பில் வந்த குறை என்று எனக்குத் தோன்றவில்லை. பெயரை நம்பி வாங்கினீர்கள், ஆனால் ஒரே பெயருள்ள விதைகள் எல்லாம் ஒரே செடியாக முளைப்பதில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரிதான், சாயல் இருக்கும், குணம் மாறும். அதே மணம் வேண்டுமென்றால் மணம் வந்த செடியின் கிளைத்துண்டிலிருந்து வளர்ந்த செடிதான் கைகொடுக்கும், விதை அல்ல.

ஆரஞ்சுத் தோலை மடித்துப் பிழிந்தால் கண்ணில் தெறித்து எரியுமே, அந்த எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேல் லிமோனீன் என்ற மணப்பொருள்தான். அதே லிமோனீனைக் கஞ்சாப் பூவும் தன் மேலே பனித்துளி போல மின்னும் பிசின் சுரப்பிகளில் உண்டாக்குகிறது. ஆனால் லிமோனீன் நிறைய இருந்தாலே எலுமிச்சை மணக்கும் என்று சொல்ல முடியாது. பூவில் வேறு மணப்பொருள்களும் உண்டு. கூடவே மிர்சீன் தூக்கலாக இருந்தால் மண் வாடை மேலே வந்துவிடும், கேரியோஃபிலீன் மிகுந்தால் மிளகு. மிளகுக்குக் காரமான மணம் தருவதில் அதற்கும் பங்கு உண்டு. டெர்பினோலீன் அதிகமுள்ள சில செடிகள் லிமோனீன் குறைவாக இருந்தும் புளிப்பாகப் பளிச்சென்று மணக்கும். இதெல்லாம் போதாதென்று, 2023இல் வந்த ஒரு ஆய்வு, மிகச் சிறிய அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்களும் பூக்களுக்கு இந்தப் பழ மணத்தைத் தருவதைக் காட்டியது. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம், ஏனென்றால் ஆய்வுக்கூடத் தாளில் ஒரு எண்ணைப் பார்ப்பதைவிட மூக்கு ஏன் நம்பகமானது என்பதற்கு இதில் காரணம் இருக்கிறது.

அதனால் முகர்ந்து பாருங்கள். பூவை ஒட்டிய சின்ன இலையை இரண்டு விரலுக்கு நடுவில் மெல்லத் தேய்த்து, உடனே ஒரு முறையும் அரை நிமிடம் கழித்து ஒரு முறையும் முகருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது. அடுத்த செடிக்குப் போகுமுன் கையைக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் விரலில் ஒட்டிய பிசின் எல்லாச் செடியையும் ஒரே மணமாக்கிவிடும்.

காய்ந்ததும் மணம் போனதற்குக் காரணம் எளிது. லிமோனீன் மாதிரி இலேசானவை முதலில் பறந்துவிடும், கனமான மிளகு மணம் தங்கிவிடும். 1996இல் வெளியான ஒரு ஆய்வில், அறை வெப்பத்தில் ஒரு வாரம் காய்ந்த பூவிலேயே ஏறக்குறைய 30 சதவீத மண எண்ணெய் குறைந்திருந்தது. சூடும் வெயிலும் நேராக வீசும் மின்விசிறிக் காற்றும் இதை இன்னும் வேகப்படுத்தும். இருட்டான, குளிர்ச்சியான இடத்தில், 20 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், அவசரமில்லாமல் காயவிடுங்கள்.

இன்னொன்று, மணம் இதமாக இருக்கிறதே என்று வீரியத்தைக் குறைவாக எடைபோடாதீர்கள். போதை தரும் டிஎச்சிக்கு மணமே கிடையாது. எலுமிச்சை மணம் குழந்தைகளையும் ஈர்க்கும், ஜாடியைப் பூட்டி வையுங்கள்.

சரி, ஆரஞ்சுத் தோல். போடவே போடாதீர்கள். தோலின் ஈரம் காய்ந்த பூவுக்குள் இறங்கும், மூடிய ஜாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். ஏற்கெனவே போட்டிருந்தால் எடுத்துவிட்டு, பூவைப் பிரித்து உள்ளே பாருங்கள், வெள்ளையாக நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் அந்த ஜாடியில் இருப்பது எதையும் பயன்படுத்த வேண்டாம்.