பார் பிழைத்திருக்கிறதா? மன்னார் வளைகுடா பற்றி வாசகர் கேள்விகள்

மன்னார் வளைகுடா பற்றி வாசகர்கள் கேட்பதெல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: கடல் நன்றாக இருக்கிறது, கெட்டுவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பவளப் பாரை, அதாவது கடலடியில் பவளம் கட்டிய திட்டை, அளக்கும் நாங்கள் தண்ணீருக்கு அடியில் என்ன செய்கிறோம் என்பதைக் காட்டினால்தான் அதற்குப் பதில் சொன்னதாகும். அதனால் முதல் கேள்விக்கு நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

உயிருள்ள பவளம் 22.7 சதவீதம் என்று படித்தேன். கடலுக்கடியில் போய்த் தசமப் புள்ளி வரை எப்படி அளந்தார்கள்? (கல்லூரி மாணவி, கீழக்கரை)

தையற்காரர் வைத்திருப்பது போன்ற அளவு நாடாதான், 20 மீட்டர் நீளம். இரண்டு பேர் முங்குவோம். ஒருவர் நாடாவைப் பாரின் மேல் விரித்துக்கொண்டே போவார். பின்னால் வருபவர் கையில் பிளாஸ்டிக் பலகையும் பென்சிலும் இருக்கும். நாடாவுக்கு நேர் கீழே இருப்பது மாறும் ஒவ்வொரு இடத்திலும் எத்தனையாவது சென்டிமீட்டர் என்று எழுத வேண்டும். 0 முதல் 35 வரை மணல். 35 முதல் 112 வரை உருண்டைப் பவளம். 112 முதல் 140 வரை செத்த பவளம், மேலே பாசி. அப்புறம் ஒரு கடற்பஞ்சு, மறுபடி மணல். இப்படியே 2,000 வரை. நீரோட்டம் இழுக்கும்போது நாடா பாம்பு மாதிரி நெளியும். அதைப் பிடித்து நேராக்குவதிலேயே பாதிக் காற்று தீர்ந்துவிடும்.

கரைக்கு வந்ததும் உயிருள்ள பவளத்தின் நீளத்தை மட்டும் கூட்டினால் கணக்கு முடிந்தது. 2,000 சென்டிமீட்டரில் 454 வந்தால் 22.7 சதவீதம். தீவு தீவாகப் பல நாடாக்கள் போட்டு எடுத்த சராசரி அது. நீங்கள் படித்த எண் 2016ஆம் ஆண்டு கடல் வெப்பத்துக்குப் பிறகு தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அளந்தது. வெப்பத்துக்கு முன்னால் அது 38.9 சதவீதம், அதாவது நாடாவில் 778 சென்டிமீட்டர். சில மாதங்களில் ஒவ்வொரு நாடாவிலும் 3 மீட்டருக்கு மேல் செத்துப்போயிருக்கிறது. மீனவர் கணக்கில் ஏறக்குறைய இரண்டு பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்).

இதில் முக்கியம் நாடா அல்ல, அதே இடத்துக்குத் திரும்பிப் போவது. இரும்புக் கம்பி அடித்து அடையாளம் வைப்போம். ஒருமுறை ஏதோ ஒரு நங்கூரம் எங்கள் கம்பிகள் இரண்டைப் பிடுங்கிப் போட்டிருந்தது. ஜிபிஎஸ் காட்டிய இடத்தில் போய் முங்கினால் மணலில் நிற்கிறோம். நாலைந்து மீட்டர் பிசகினால் பார் தப்பிவிடும். அந்த இரண்டு நாடாக்களின் பழைய கணக்கைப் புதியதோடு ஒப்பிட முடியாமல் போயிற்று. இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது. ஒரு தடவை அளந்த கணக்கு வெறும் எண்தான்; அதே இடத்தில் மறுபடி அளந்தால்தான் அது செய்தி சொல்லும்.

கண்ணாடிப் படகில் போனபோது பவளம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. எல்லாம் செத்துவிட்டதா? (வாசகர், மதுரை)

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடக் கூடாது. பவளத்துக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருவது அந்தப் பாசிதான். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் பாசியை வெளியேற்றிவிடும். தசை கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இருக்கும் சுண்ணாம்புக் கூடு தெரிவதால் வெள்ளையாகத் தெரிகிறது. அது பசியோடு உயிரோடிருக்கும் நிலை. வெப்பம் தணிந்தால் பாசி திரும்பி வரும், பவளம் பிழைக்கும்.

செத்ததை வேறு விதமாக அடையாளம் காணலாம். கூட்டின் விளிம்புகள் கூர்மையாக, வெறும் எலும்பாகத் தெரியும். கொஞ்ச நாளில் அதன் மேல் பச்சையும் பழுப்புமாகப் பாசி படர்ந்துவிடும். ஆகவே மே மாதம் வெள்ளையாகப் பார்த்த இடத்தை அக்டோபரில் போய்ப் பார்த்தால்தான் பிழைத்ததா போனதா என்று தெரியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே பெரிய வெளிறல் வந்தது. மான்கொம்பு மாதிரி கிளைவிடும் பவளங்கள்தான் முதலில் போகின்றன. உருண்டைப் பவளங்கள் தாங்கிக்கொள்கின்றன. இதையும் கவனிக்க வேண்டும். சில ஆண்டுகளில் சதவீதம் ஏறிவிடலாம், ஆனால் மீன்குஞ்சு ஒளிந்துகொள்ளும் கிளைகள் இல்லாமல் உருண்டைகள் மட்டும் மிஞ்சியிருந்தால் அது பழைய பார் ஆகாது.

செயற்கைக்கோளே கடல் வெப்பத்தைச் சொல்லிவிடுகிறதே, பிறகு எதற்கு முங்க வேண்டும்? (மென்பொருள் பொறியாளர், கோவை)

எச்சரிக்கைக்கு அது அருமையான கருவி. ஓர் இடத்தில் ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் வழக்கமான சராசரி என்ன என்று முதலில் பார்ப்பார்கள். அதைவிட 1 டிகிரி கூடுதலாக ஒரு வாரம் இருந்தால் கணக்கில் 1 சேரும். இப்படி 12 வாரங்களுக்குக் கூட்டி, 4-ஐத் தொட்டால் வெளிறல், 8-ஐத் தொட்டால் பரவலான சாவு என்று எதிர்பார்க்கலாம். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனம் நம் பார்களுக்கு வெளிறல் எச்சரிக்கை தருகிறது.

ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேல்தோலை. அதன் ஒரு புள்ளி சில கிலோமீட்டர் அகலம். நம் தீவுகள் பலவும் அந்தப் புள்ளிக்குள் அடங்கிவிடும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் வெயில் உள்ளே இறங்குவது குறைந்து சில பார்கள் தப்பிக்கின்றன. அது வானத்திலிருந்து தெரியாது. காய்ச்சல் இருக்கிறது என்று வெப்பமானி சொல்லும். நோயாளி எழுந்து உட்கார்ந்தாரா என்று நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

வருசத்துக்கு வருசம் மீன்பாடு குறையுது. கடல் செத்துக்கிட்டிருக்குன்னு நாங்க சொன்னா அதிகாரிங்க நம்ப மாட்டேங்கிறாங்க. (நாட்டுப்படகு மீனவர், பாம்பன்)

ஐயா, உங்கள் பேச்சை நம்பாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. எந்தப் பாரில் எந்த மாதம் என்ன மீன் கிடந்தது என்பதற்கு எங்களிடம் இருக்கும் ஏட்டைவிடப் பழைய ஏடு உங்கள் நினைவுதான். டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறை ஆராய்ச்சியாளரும் தான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த கடலையே முழுமையான கடல் என்று எடுத்துக்கொள்கிறார். அதற்கு முன்னால் போனது கணக்கிலேயே வருவதில்லை. 1998க்குப் பிறகு முங்கத் தொடங்கிய ஒருவருக்கு, அதற்கு முந்தைய பார் எப்படி இருந்தது என்று உங்கள் அப்பா காலத்து ஆட்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

ஆனால் பாடு என்று மட்டும் சொன்னால் போதாது, அதற்குப் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்பு ஐந்து மணி நேரத்தில் 20 கிலோ வந்தது, இப்போது பத்து மணி நேரம் கிடந்து அதே 20 கிலோ வருகிறது என்றால், எடை மாறாவிட்டாலும் கடலில் மீன் பாதியாகிவிட்டது என்றுதான் நாங்கள் கணக்கு வைப்போம். எத்தனை வலை, எத்தனை மணி நேரம், வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா), எந்தக் காற்று என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மீனின் நீளத்தையும் ஒரு குச்சியில் கோடு போட்டு அளந்து குறித்தால் இன்னும் நல்லது. எடை குறைவதற்கு முன்பே பெரிய மீன் குறைந்துவிடும்.

ஓராண்டை வைத்துப் பதற வேண்டியதில்லை. கேரளத்தில் மத்தி, நம் பக்கத்துச் சாளை, 2012இல் லட்சக்கணக்கான டன் பிடிபட்டது. 2021இல் சில ஆயிரம் டன்னாகச் சரிந்தது. அடுத்த ஆண்டே மறுபடி ஏறியது. அதேபோல ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை முடிந்ததும் வரும் முதல் வாரப் பாட்டை வேறு மாதத்தோடு ஒப்பிடக் கூடாது. ஜூனை ஜூனோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடல் திடீரென்று பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியது. ஆலைக் கழிவா? (வாசகி, மண்டபம்)

உங்கள் ஊரில் பூங்கோரை என்று சொல்வார்களே, பெரும்பாலும் அதுதான். நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி கோடிக்கணக்கில் பெருகும்போது தண்ணீர் பச்சைக் குழம்பாகிறது. 2008லும் 2019லும் மன்னார் வளைகுடாவில் இப்படி ஆகி மீன்கள் செத்தன. அது கொத்துக் கொத்தாக மடிந்து அழுகும்போது தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. நம் கடலில் ஒரு லிட்டருக்கு 6 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டியது 2க்குக் கீழே போனால் மீனுக்கு மூச்சு முட்டும். நகர முடியாத பவளத்தின் கதி இன்னும் மோசம்.

ஆக்சிஜனை எப்போது அளக்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். பகலில் பாசி ஆக்சிஜன் விடும்; இரவெல்லாம் அதையே எடுத்துக்கொள்ளும். ஆகவே விடியற்காலையில்தான் தண்ணீரின் உண்மை நிலை தெரியும். காலை பத்து மணிக்கு மேல் படகேறி அளந்துவிட்டு 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று அறிக்கை எழுதுவதை நான் ஏற்பதில்லை. கழிவுநீரும் உரமும் கடலில் சேர்ந்தால் இதுபோன்ற பெருக்கத்துக்குத் தீனி கிடைக்கும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் நீரை எடுத்துப் பார்க்காமல் ஒரு ஆலையைக் கைகாட்டிவிட முடியாது.

கடற்பாசி வளர்ப்பு பாரைக் கொல்லும் என்கிறீர்கள். நாங்கள் எதை வைத்துப் பிழைப்பது? (பாசி வளர்க்கும் பெண், ராமேசுவரம் அருகில்)

உங்கள் பிழைப்பை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் நம் கடலிலேயே பிறந்தவை. கப்பாபைகஸ் என்ற பாசி வெளியிலிருந்து வந்தது. மிதவையிலிருந்து அறுந்த துண்டு பாரில் ஒட்டினால் பவளத்தின் மேல் பாய் விரித்த மாதிரி படர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். குருசடைத் தீவுப் பாரில் அப்படிப் படர்ந்தது 2008இல் பதிவானது. என் கருத்து இது: வளர்க்கும் இடம் பாரிலிருந்து தள்ளி இருக்கட்டும், நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துப் பாரை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கும் வேலைக்கு உங்களைப் போன்ற பெண்களையே கூலி கொடுத்து அமர்த்த வேண்டும். பாசியைக் கண்டதும் இன்னது என்று சொல்லும் கண் உங்களுக்குத்தான் இருக்கிறது.

21 தீவுகள் என்கிறார்கள், இரண்டு மூழ்கிவிட்டன என்றும் சொல்கிறார்கள். எது சரி? (போட்டித் தேர்வு மாணவர், விருதுநகர்)

இரண்டும் சரி. 1986இல் தேசியப் பூங்கா அறிவித்தபோது 21. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி இரண்டும் இப்போது நீர்மட்டத்துக்குக் கீழே. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போனது பெரிய காரணம். தூத்துக்குடி அருகே வான் தீவும் கரைந்துகொண்டே வந்தது. 2015 முதல் அதன் முன்னால் செயற்கைப் பார் அமைத்துத் தடுத்து வருகிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு மதிப்பெண் தருவதுபோல நம் கடலுக்கும் ஒரு மதிப்பெண் தந்தால் எல்லாருக்கும் புரியுமே? (வாசகர், சென்னை)

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுக்கு ஆண்டுதோறும் ஏ, பி, சி என்று தரம் போடுகிறார்கள். மக்கள் விரும்பிப் படிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2008 முதல் 11 அளவுகோல்களைத் தனித்தனியாக வைத்துப் பார்க்கிறது. எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது. இங்கே தூத்துக்குடி, வேம்பார், கீழக்கரை, மண்டபம் என்று நாலு தீவுக் கூட்டங்கள். ஒன்றின் வியாதி இன்னொன்றின் வியாதி அல்ல. தூத்துக்குடிப் பக்கம் பவளம் வெட்டிய பழைய காயம், மண்டபம் பக்கம் படரும் பாசி. எல்லாவற்றையும் கலந்து 'சி' என்று போட்டால் எங்கே மருந்து போடுவது என்று யாருக்கும் தெரியாது.

கடல் பசு காப்பகம் அறிவித்தாயிற்று. அங்கே எதை எண்ணுகிறார்கள்? (வாசகர், அதிராம்பட்டினம்)

கடல் பசுவை, அதாவது ஆவுளியாவை, கண்ணால் காண்பது அபூர்வம். அதனால் அதன் சாப்பாட்டைப் பார்ப்பது எளிது. அரை மீட்டர் சதுரச் சட்டத்தைக் கடற்புல் மேல் வைத்து, எத்தனை தளிர், எவ்வளவு உயரம், என்னென்ன வகை என்று எண்ணலாம். ஆவுளியா மேய்ந்த இடத்தில் புல் வேரோடு போய் நீளமான தடம் விழுந்திருக்கும். அந்தத் தடம்தான் அது வந்துபோனதற்குச் சாட்சி. இழுவைமடி கிழித்த கோடும் நங்கூரம் கீறிய குழியும் அதிலிருந்து வேறுபட்டுத் தெரியும். 2022இல் அறிவித்த காப்பகம் 448 சதுர கிலோமீட்டர். அவ்வளவையும் முங்கிப் பார்க்க ஆள் கிடையாது. உள்ளூர் மீனவர்கள் சொல்லும் இடங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் மாணவர்கள் கடலை அளக்க ஆசைப்படுகிறார்கள். தீவுக்குப் போக அனுமதி கிடைக்குமா? (அறிவியல் ஆசிரியர், தொண்டி)

தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. உங்கள் ஊர்ப் படகுத்துறையே போதும். 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டத் தட்டு, வெள்ளைப் பெயின்ட், நடுவில் துளை, கீழே ஈயக்குண்டு, ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் முடிச்சுப் போட்ட கயிறு. 1865இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி தொடங்கிவைத்த முறை இது. இன்றும் எங்கள் படகில் ஒன்று இருக்கிறது. துறையின் நிழல் விழும் பக்கத்தில் மெதுவாக இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் முடிச்சை எண்ணுங்கள், பிறகு ஏற்றும்போது மறுபடி தெரியும் முடிச்சை எண்ணுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் அன்றைய தெளிவு.

வாரம் ஒரு நாள், அதே இடம், அதே நேரம். வாடைக்காற்றில் உங்கள் பக்கம் கலங்கும், அப்போதும் விடாமல் அளக்கச் சொல்லுங்கள். நோட்டில் தேதி, மணி, எந்தக் காற்று, கடல் ஏற்றமா வற்றமா, அளந்த பிள்ளையின் பெயர் எல்லாம் இருக்கட்டும். பத்தாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளை அந்த நோட்டை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும்.