சூடாக்கினால் பெப்டைடு பிணைப்பு அறுந்துவிடுமா?

வணக்கம். "நொதியைச் சூடாக்கினால் பெப்டைடு பிணைப்புகள் அறுந்து அது செயல் இழக்கிறது" என்று எழுதியதற்கு மதிப்பெண் போய்விட்டது, எங்கே தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவு சரி, காரணம்தான் தவறு.

நொதி ஒரு புரதம்; அதன் சங்கிலியில் அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு ஒரு சகப்பிணைப்பு, அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் வலுவான பிணைப்பு. சற்று நேரக் கொதிப்புக்கெல்லாம் அது அசையாது. ஆய்வகத்தில் அதை அறுக்க 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 110 டிகிரி செல்சியஸில், ஏறக்குறைய 24 மணி நேரம் வைப்பார்கள்! சூட்டில் குலைவது ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மெல்லிய பிடிமானங்கள். அதாவது சங்கிலி சுருண்டும் மடிந்தும் பெறும் வடிவங்களான இரண்டாம், மூன்றாம் நிலை அமைப்புகள் கலைகின்றன. முதல்நிலை, அதாவது அமினோ அமில வரிசை, அப்படியே இருக்கிறது. விடையில் இதை எழுதுங்கள்.

இதற்கு எனக்கு மிகப் பிடித்த சான்று உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சனின் சோதனை. 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் மடிப்பை யூரியா, மெர்கேப்டோஎத்தனால் என்ற வேதிப்பொருள்களால் முழுதாகப் பிரித்தார். மடிப்பை இறுக்கிப் பிடிக்கும் கந்தகப் பிணைப்புகளான அதன் 4 டைசல்பைடு பிணைப்புகளும் போயின, செயலும் போனது. அந்த வேதிப்பொருள்களை நீக்கியதும் சங்கிலி தானாகவே பழையபடி மடிந்து வேலை செய்யத் தொடங்கியது. அமினோ அமில வரிசையிலேயே வடிவத்துக்கான தகவல் இருக்கிறது என்று காட்டிய இந்த ஆய்வுக்காக 1972ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

"அப்படியானால் கொதித்த நொதி ஆறியதும் ஏன் மீள்வதில்லை?" என்ற உங்கள் இரண்டாவது கேள்வி அருமையானது. மடிப்புப் பிரிந்த சங்கிலிகளில் உள்ளே மறைந்திருந்த நீர்வெறுக்கும் பகுதிகள் வெளியே வருகின்றன. அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடுவதால், பல புரதங்களுக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடுகிறது.