ரெப் பையும் மருந்துச் சீட்டும்: வாசகர் கேள்விகள்

கே: டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறோம். பெரிய பையோடு வரும் மெடிக்கல் ரெப் மட்டும் நேரே உள்ளே போகிறார். என்னதான் தருகிறார்? (வாசகி, திருச்சி)

ப: பெரும்பாலும் பேச்சு. கூடவே பளபளப்பான அட்டை, நாலைந்து சாம்பிள். அவரைத் திட்டாதீர்கள், மாத டார்கெட் அவர் கழுத்தை நெரிக்கிறது.

கே: ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக டாக்டர் மருந்தை மாற்றி எழுதுவாரா?

ப: மாட்டேன் என்றுதான் அவர் சொல்வார், மனதார நம்பியும் சொல்வார். சிக்கலே அங்கேதான். அமெரிக்காவில் டாக்டர்களுக்குக் கொடுப்பதை மருந்துக் கம்பெனிகள் அரசிடம் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கை வைத்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. சராசரியாக 20 டாலர்கூடத் தேறாத ஒரே ஒரு சாப்பாடு வாங்கியவர்களும் அந்தக் கம்பெனியின் பிராண்டைக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். சாப்பாடுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அந்த மருந்தை ஏற்கெனவே விரும்பியவர்களே விருந்துக்குப் போயிருக்கலாம். ஆனால் லாபம் இல்லாமல் எந்தக் கம்பெனி வருஷா வருஷம் சோறு போடும்?

கே: மகன் எம்.பி.பி.எஸ். படிக்கிறான். பாடத்திலுமா கம்பெனி கை இருக்கும்?

ப: கல்லூரியைவிட, அதற்குப் பிந்தைய முப்பது வருஷத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. புது மருந்துகளைப் பற்றி அவனுக்கு யார் சொல்லித்தருவார்கள்? ஆக்ஸிகான்டின் கதையைப் பாருங்கள். அமெரிக்காவின் பர்டியூ ஃபார்மா கம்பெனி அந்த ஓபியாய்டு (அபின் வகை) வலிநிவாரணியை 1996இல் இறக்கியது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட வலி சிகிச்சைக் கருத்தரங்குகளை நடத்தி, டாக்டர்களையும் நர்ஸ்களையும் தன் செலவில் ஆயிரக்கணக்கில் அழைத்துப்போனது. 'அடிமையாவது அபூர்வம்' என்பது பாடம். அந்த நம்பிக்கைக்குப் பலரும் காட்டிய ஆதாரம், 1980இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஐந்து வாக்கியக் கடிதம். அது மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளைப் பற்றியது. வீட்டில் மாதக்கணக்கில் விழுங்குபவர்களைப் பற்றியதே அல்ல. இருந்தும் அறுநூறு தடவைக்கு மேல் மேற்கோளாகியது. மருந்தைத் தவறாக விளம்பரப்படுத்திய குற்றத்தைக் கம்பெனி 2007இல் ஒப்புக்கொண்டது. நம்பி எழுதிக்கொடுத்த டாக்டர்களில் பலர் நல்லவர்கள்தான்.

கே: இந்தியாவில் சட்டமே இல்லையா?

ப: டாக்டர்கள் பரிசு, பயணம் வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் விதி 2009 முதல் இருக்கிறது. கொடுப்பவரை அது தொடாது. சென்னையின் அபெக்ஸ் லேபரட்டரீஸ், ஜின்கோவிட் என்ற சத்து மாத்திரையின் விற்பனைக்காக டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்களுக்கு வருமான வரிக் கழிவு கேட்டது. உச்ச நீதிமன்றம் 2022இல் மறுத்தது. 2024இல் கம்பெனிகளுக்கே நடத்தை விதி வந்தது. அதன்படி பரிசு கூடாது, சாம்பிள் உள்நாட்டு விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் புகாரை விசாரிப்பது கம்பெனிகளின் சங்கமே அமைக்கும் குழு!

கே: அப்படியானால் சுகர் மாத்திரையை விட்டுவிட்டு மூலிகைப் பவுடருக்கு மாறலாமா?

ப: கூடாது. சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினுக்கு அறுபது ஆண்டுக்கு மேல் அனுபவம் இருக்கிறது. பவுடர் விற்பவருக்கும் டார்கெட் உண்டு.

கே: டாக்டர் கோபப்படாமல் எப்படிக் கேட்பது?

ப: 'இதே மருந்து விலை குறைவாகக் கிடைக்குமா டாக்டர்?' இதற்கு யாரும் கோபப்பட மாட்டார்கள். அடுத்து, 'இதைச் சாப்பிடாவிட்டால் என்ன ஆகும்?' என்று ஒவ்வொரு மருந்துக்கும் கேளுங்கள். சுகர், பிரஷர் மாத்திரைக்கு உடனே தெளிவான பதில் வரும். கடைசி வரியில் இருக்கும் டானிக்குக்கு எப்படி வருகிறது என்று கவனியுங்கள்.