லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துக்கு புள்ளையளோட போறவங்களுக்கு

தங்கச்சி, கல்லடியில இருந்து லண்டனுக்கு அக்காட வீட்ட போறீங்க, பிரிட்டிஷ் மியூசியம் பாக்க ஒரு பகல்தான் இரிக்கு, ஆனா கொழும்பு மியூசியத்துல கைட் கதைக்கக் கதைக்க புள்ளையள் ரெண்டும் நிலத்துல குந்திட்டுதுகள் எண்டு எழுதியிருக்கீங்க. இந்த முறை நீங்களே கைடா நில்லுங்க. முழுக்கப் பாக்க வெளிக்கிடாதீங்க, அங்க பார்வைக்கு வச்சிருக்கிறதே கிட்டத்தட்ட 80,000 சாமான். நேரா 33ம் ரூமுக்கு, தாரா எண்ட பௌத்தப் பெண் தெய்வத்தின்ட சிலையடிக்குப் போங்க. எங்கட கரையில, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில எடுத்தது, 8ம் நூற்றாண்டு, வெண்கலத்துல வார்த்து தங்கமுலாம் பூசினது, முந்தி இங்க கவர்னரா இருந்த பிரவுன்றிக் 1830ல மியூசியத்துக்குக் குடுத்தது.

இதொண்டையும் முதல்ல சொல்லிராதீங்க, போர்டையும் வாசிக்க விடாதீங்க. சிலை 143 செ.மீ, உங்கட 11 வயசு மூத்தவன்ட உயரம்தான் வரும், அவனை முன்னால விட்டு அதே மாதிரி நிக்கச் சொல்லுங்க, இடுப்பு லேசா வளைஞ்சு, வலக்கை கீழ விரிஞ்சு வரம் குடுக்கிற மாதிரி, இடக்கை விரல் எதையோ புடிச்ச மாதிரி ஆனா கையில ஒண்டும் இல்ல. என்ன இருந்திருக்கும் எண்டு கேளுங்க. மறுகா கொண்டையில ஒரு குழி இரிக்கு, கல் பதிச்ச இடமா இருக்கும், அத அவங்களே தேடட்டும். இத ஒரு காலத்துல பத்தினித் தெய்வம் எண்டுதான் நினைச்சிருந்தாங்க, வைகாசியில கண்ணகி அம்மன் சடங்கு பாத்து வளர்ற புள்ளையளுக்கு இதச் சொன்னா கேள்வி கேட்டே உங்கள விடமாட்டாங்க, அதுதான் நல்ல டூர்.

உள்ள போக காசில்ல, களைச்சா வெளிய வந்து சாப்பிட்டுட்டு திரும்பப் போகலாம். பென்சிலும் கொப்பியும் குடுத்து விடுங்க, போக முன்னுக்கு ரூம் திறந்திருக்கா எண்டு வெப்சைட்டுல பாருங்க.