மழை ஓய்ந்த மலையில் தடம் பார்த்தல்: வாசகர் கேள்வி – பதில்

திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காடு, முண்டந்துறை மலைகளில் வழிகாட்டியுடன் நடந்து, விலங்குகளின் காலடித் தடங்களை அறியக் கற்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மார்கழியில் அரையாண்டு விடுமுறை வருகிறது. ஈரமண்ணில்தான் தடம் நன்றாகப் பதியும் என்பதால், அப்போதே நாற்பது மாணவர்களை முண்டந்துறைப் பக்கம் அழைத்துச் செல்லலாம் என்று நினைக்கிறேன். சரியா? – ஆசிரியர், அம்பாசமுத்திரம்

தடம் பதிவதற்கு ஈரம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் பதிந்தது அழியாமல் இருப்பதற்கு மழை ஓய்ந்திருக்க வேண்டும். நம் மலைகளுக்கு வடகிழக்குப் பருவமழையே பெருமழை. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரையிலும் அது நீடிக்கும். 2023 டிசம்பர் நடுவில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்ததும் மார்கழித் தொடக்கத்தில்தான். மலையில் ஓடை எப்போது பெருகும் என்று சொல்ல முடியாத அந்த மாதத்தில் பிள்ளைகளை அழைத்துப் போவதை நான் ஒப்பவே மாட்டேன்.

தை நடுவிலிருந்து மாசி வரையிலான நாள்களே தடம் பார்க்க ஏற்றவை. ஓடைகள் இறங்கும்போது கரையோரம் மெல்லிய வண்டலையும் நுண்மணலையும் படியவிட்டுச் செல்கின்றன. இரவில் நீர் குடிக்க வரும் மிளாவும் (கடமான்) பன்றியும் அவற்றின் பின்னால் வரும் சிறுத்தையும் அந்த வண்டலில்தான் கால் வைத்தாக வேண்டும். காலைப் பனியின் ஈரம் தடத்தின் விளிம்பை உதிரவிடாமல் காக்கிறது. பங்குனி பிறந்துவிட்டால் மண் இறுகிச் சருகு மூடிவிடும். காட்டுத்தீக்கு அஞ்சி வனத்துறை நடைபாதைகளை மூடிவிடுவதும் வழக்கம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி மாண்டதை நினைத்தால், அந்தக் கட்டுப்பாட்டின் தேவை விளங்கும்.

நாற்பது பேர் கூட்டமாகப் போனால் முதல் நால்வர் காணும் தடத்தைப் பின்னால் வரும் முப்பத்தாறு பேர் மிதித்து அழித்துவிடுவார்கள். ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேர், மிஞ்சிப் போனால் எட்டுப் பேர் என்பதே என் கணக்கு. சூரியன் சாய்வாக இருக்கும் காலை ஏழு மணிக்கும் ஒன்பதுக்கும் இடையில் நடப்பது நல்லது. அப்போது தடத்தின் பள்ளத்தில் நிழல் விழுவதால், உச்சிவேளையில் வெறும் மண்ணாகத் தெரியும் இடத்திலும் விரல்கள் தனித்தனியாகத் தெரியும். பார்ப்பவர் தம் முகத்துக்கும் ஒளி வரும் திசைக்கும் நடுவில் தடம் இருக்கும்படி நின்று, குனிந்து பார்க்க வேண்டும். வனத்துறையின் அனுமதியும், உடன்வரும் காவலரும் இல்லாமல் புலிகள் காப்பகத்துக்குள் ஓர் அடிகூட வைக்கக் கூடாது என்பதை மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாற்பது பேரையும் ஒருங்கே அழைத்துப் போகத்தான் விருப்பம் என்றால் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தின் கரைக்குச் செல்லுங்கள். வாத்தின் சவ்வுக் காலும் கொக்கின் விரிந்த விரல்களும் அங்கே சேற்றோரத்தில் பக்கத்துப் பக்கத்தில் பதிந்து கிடக்கும்.

எங்கள் வாழைத்தோட்டத்தில் காலையில் ஒரு தடம் கண்டேன். சிறுத்தை என்கிறார் ஒருவர், நாய் என்கிறார் இன்னொருவர். எப்படித் தெரிந்துகொள்வது? – விவசாயி, களக்காடு

இரண்டிலும் நான்கு விரல்களும் அவற்றின் பின்னால் பாதத்தின் சதைப்பற்றான மெத்தையும் பதியும் என்பதால் இந்த ஐயம் எல்லோருக்கும் வருவதுதான். முதலில் நகத்தைப் பாருங்கள். நாய், நரி, செந்நாய் ஆகியவற்றின் நகங்கள் எப்போதும் வெளியே நிற்பதால் விரல்களுக்கு முன்னால் சிறு புள்ளிகளாகப் பதியும். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் அந்தப் புள்ளிகள் இருக்காது. ஆனால் இது ஒன்றையே நம்பி முடிவு செய்துவிடாதீர்கள். வழுக்கும் சேற்றில் சிறுத்தையும் நகத்தை ஊன்றும். காய்ந்த புழுதியில் நாயின் நகமும் தெரியாமல் போகும்.

அடுத்ததாக மெத்தையின் பின்விளிம்பைக் கவனியுங்கள். பூனை இனத்துக்கு அது மூன்று மடிப்பாக இருக்கும். நாய் இனத்துக்கு இரண்டு மடிப்பாகவே தெரியும். பிறகு விரல்களின் வரிசை. நம் கையில் நடுவிரல் மற்றவற்றைவிட முந்தி நிற்பதுபோல், சிறுத்தையின் தடத்தில் நடு இரண்டு விரல்களில் ஒன்று சற்று முந்தியிருக்கும். அதைக்கொண்டு அது இடக்காலா வலக்காலா என்றும் சொல்லிவிடலாம். நாயின் நடு விரல்கள் இரண்டும் இணையாக நிற்கும். மொத்த வடிவிலும் நாயின் தடம் நீண்டும், சிறுத்தையினது வட்டமாகவும் இருக்கும். வளர்ந்த சிறுத்தையின் தடம் பொதுவாக 10 செ.மீ.க்குள் அடங்கிவிடும், வளர்ந்த புலியினது அதைத் தாண்டும்.

ஒரே தடத்தை உற்றுப் பார்ப்பதோடு நிற்காமல், பத்தடி தூரம் வரிசையைத் தொடர்ந்து செல்லுங்கள். வீட்டுநாய் அங்குமிங்கும் முகர்ந்து, வளைந்து, ஓடி, நின்று போகும். சிறுத்தை தேவையின்றி ஓர் அடிகூட வைக்காது; முன்கால் பதிந்த இடத்திலேயே பின்காலையும் ஊன்றி நேராகச் சென்றிருக்கும். எழுத்தை எழுத்தாகப் பார்ப்பதற்கும் வாக்கியமாகப் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

வாழைத்தோட்டம் என்பதால் பன்றியையும் மறந்துவிடாதீர்கள். இரண்டு குளம்புகளுக்குப் பின்னால் பக்கவாட்டில் இரு சிறு குழிகள் தெரிந்தால் பெரும்பாலும் அது பன்றிதான். மிளாவுக்கு அந்தப் பின்குளம்பு உயரமாக இருப்பதால் ஆழமான சேற்றில் மட்டுமே பதியும். சிறுத்தைதான் என்று உறுதியானால், ஊரைக் கூட்டித் தேடப் போகாமல், தடத்தின் மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது; அதன் விட்டம் 27 மி.மீ. என்பதால் தடத்தின் அளவைக் கணக்கிட்டுக்கொள்வார்கள்.

புலிகளை எண்ணுவதற்குத் தடத்தை இப்போது ஏற்பதில்லை என்று படித்தேன். பிறகு அதை ஏன் கற்க வேண்டும்? – கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

நீங்கள் படித்தது சரிதான். ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் பணியாற்றிய எஸ். ஆர். சௌத்ரி 1960களில் வகுத்த முறைப்படி, கண்ணாடித் தகட்டில் தடத்தை வரைந்து ஒவ்வொரு புலியையும் அடையாளம் காண முயன்றார்கள். 1972இல் நாடு முழுவதும் எடுத்த முதல் கணக்கும் அப்படித்தான் எடுக்கப்பட்டது. ஒரே புலியின் கால் மணலில் ஒருவிதமாகவும் களிமண்ணில் வேறுவிதமாகவும் பதியும் என்பதே அம்முறையின் பெருங்குறை. ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஏட்டில் புலிகள் இருந்துகொண்டே இருக்க, காட்டில் ஒன்றுகூட இல்லை என்பது 2005ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டபோது நாடே அதிர்ந்தது. அதன் பின்னர்தான், மனிதரின் கைரேகைபோல் புலிக்குப் புலி மாறும் உடல்வரிகளைத் தானியங்கிக் கேமராவில் படம்பிடித்து எண்ணும் முறை நிலைபெற்றது.

ஆனால் அந்தக் கேமராவை எந்த மரத்தில் கட்டுவது என்று யார் சொல்வது? தடத்தையும் எச்சத்தையும் மரத்திலுள்ள நகக்கீறலையும் பார்த்து, இந்த ஒற்றையடிப் பாதையில்தான் அது நடமாடுகிறது என்று காட்டுகிற வேட்டைத் தடுப்புக் காவலர்தான் சொல்கிறார். இன்றும் கணக்கெடுப்பின் முதற்கட்டம் காவலர்கள் தங்கள் பகுதியில் நடந்து தடங்களையும் எச்சங்களையும் குறிப்பதுதான். தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக 1988இல் அறிவிக்கப்பட்ட நம் களக்காடு முண்டந்துறையில், இம்மலைகளின் பழங்குடியினரான காணிக்கார மக்களுக்கு இருக்கும் தடமறிவை எந்தக் கருவியாலும் ஈடுசெய்ய முடியாது என்பது என் உறுதியான கருத்து. காரையாறு பக்கம் ஒருமுறை என்னுடன் வந்த காணிப் பெரியவர், நான் முயல் என்று எழுதிக்கொண்ட ஒன்றைக் குச்சியால் சுட்டி, “குளம்பு இருக்கு பாருங்க, இது சருகுமான்” என்றார். கட்டைவிரல் நுனியளவுகூட இல்லாத அந்தக் குளம்புகளை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் முதன்முதலாகக் கண்டேன். வழிகாட்டியைச் சுமைதூக்க வந்தவராக நடத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. நடையில் அவரே ஆசிரியர்.

என் தம்பி லடாக்கின் லே நகரில் வேலை பார்க்கிறான். பனிக்காலத்தில் அங்கே பனிச்சிறுத்தையின் தடம் பார்க்க வழிகாட்டியுடன் நடக்கலாம் என்று அழைக்கிறான். போகலாமா? – வாசகி, தென்காசி

உடல்நலம் இடங்கொடுத்தால் அவசியம் போய் வாருங்கள் அம்மா. கோடையில் உயரத்தில் மேயும் நீல ஆடுகள் பனிக்காலத்தில் பள்ளத்தாக்குகளை நோக்கி இறங்குவதால் பனிச்சிறுத்தையும் பின்தொடர்ந்து இறங்குகிறது. ஆகவேதான் ஹெமிஸ் தேசியப் பூங்காப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை இந்த நடைகள் நடக்கின்றன. 2024இல் வெளியான முதல் தேசிய மதிப்பீட்டில் இந்தியாவின் 718 பனிச்சிறுத்தைகளில் 477 லடாக்கிலேயே இருப்பதாகக் கண்டார்கள்.

பனியில் தடம் தெளிவாகத் தெரியும். ஆனால் அது ஏமாற்றவும் செய்யும். வெயில் பட்டு விளிம்பு உருகும்போது தடம் அகன்றுகொண்டே போகும். காலையில் நரியினது போல் இருந்தது மாலையில் ஓநாயினது போல் தோன்றும். அதனால் பனியில் அகலத்தைவிட அடிக்கும் அடிக்கும் உள்ள இடைவெளியை நம்புவதே நல்லது. லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், போய் இறங்கியதும் இரண்டு நாளாவது ஓய்வெடுத்த பிறகே நடையைத் தொடங்குங்கள்.

தடத்தைத் தொடர்ந்து போய் யானையிடமோ கரடியிடமோ மாட்டிக்கொண்டால்? – ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், சேரன்மகாதேவி

கற்பவர்கள் புதுத்தடத்தைத் தொடர்ந்து முன்னால் போவதே கூடாது ஐயா. விலங்கு வந்த வழியில் பின்னோக்கித்தான் நடக்க வேண்டும். எங்கே தின்றது, எங்கே உரசியது, எங்கே நின்று காது கொடுத்தது என்பதெல்லாம் பின்னால்தான் இருக்கின்றன. தடம் புதியதா என்பதை அறிய, விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, உள்ளே சருகு விழுந்திருக்கிறதா, மழைத்துளியின் குழிகள் அதன்மேல் உள்ளனவா, சிலந்தி குறுக்கே இழை ஓட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தாலோ ஒடித்த கிளையில் சாறு காயாமல் இருந்தாலோ, வழிகாட்டி கேள்வியே கேட்காமல் திரும்பிவிடுவார். நீங்களும் திரும்பிவிட வேண்டும். யானையின் முன்காலடி வட்டம், பின்காலடி நீள்வட்டம்; முன்காலடியின் சுற்றளவை இரண்டு மடங்காக்கினால் ஏறத்தாழ அதன் தோள் உயரம் கிடைக்கும் என்பது காட்டில் எல்லோரும் சொல்லும் கணக்கு.

கரடியிடம்தான் எனக்கு அச்சம் அதிகம். ஐந்து விரலும் நீண்ட நகங்களுமாக, பின்காலடி ஏறக்குறைய மனிதக் காலடிபோல் பதியும். கிளறிய கறையான் புற்றும் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சமும் அருகில் இருந்தால் உறுதி. தலை குனிந்து புற்றைக் கிளறும்போது அது நம் வரவைக் கவனிப்பதில்லை, திடுக்கிட்டால் பாய்ந்துவிடும். ஆகவே அத்தகைய புதரோரங்களில் வழிகாட்டி வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்துக்கொண்டு நடப்பார்.

எச்சத்தைக் கையால் தொடாதீர்கள். அதில் புழுமுட்டைகள் இருக்கும். விழுந்து கிடக்கும் மிளாக் கொம்பை எடுத்து வருவதும் சட்டப்படி குற்றமே. அட்டைக்கு நீளக் காலுறை போதும்.

ஒரு விலங்கையும் காணாமல் திரும்பினால் பிள்ளைகள் ஏமாந்து போவார்களே? அதற்கு முன் வீட்டிலேயே பழக வழியுண்டா? – தாய், வள்ளியூர்

புலியைக் காட்டுகிறேன் என்று சொல்லி அழைத்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நேற்றிரவு இந்த ஓடைக்கு யார் யார் வந்தார்கள் என்று கண்டுபிடிக்கப் போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போங்கள். நான் முண்டந்துறையில் நடந்த பல நாள்களில் பெரிய விலங்கு ஒன்றைக்கூடக் கண்டதில்லை. ஆனால் நண்டின் ஓடு கலந்த நீர்நாயின் எச்சத்தைப் பாறைமேல் கண்டதும், முள்ளம்பன்றி பல்லால் சுரண்டிய மரப்பட்டையைத் தடவிப் பார்த்ததும் எனக்கு இன்னும் நினைவில் நிற்கின்றன.

பழகுவதற்கு முற்றமே போதும். ஆற்றுமணலைச் சலித்து, முற்றத்தில் ஒரு முழம் அகலத்துக்குப் பரப்பி, லேசாக நீர் தெளித்து, பலகையால் சமப்படுத்தி விடுங்கள். மாலையில் கோழியும் பூனையும் நாயும் அதைக் கடக்கட்டும். முதல் தடம் விழுந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதைப் பிள்ளைகள் ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை வரைந்து பார்க்கட்டும். மறுநாள் காலை பனி விழுந்த பிறகு ஒருமுறை, வெயில் ஏறிய பிறகு ஒருமுறை. தை பிறப்பதற்குள் இப்படி ஒரு நோட்டு நிறைந்துவிட்டால், அதையும் எடுத்துக்கொண்டு மலைக்கு வாருங்கள். வழிகாட்டியிடம் காட்டக் கேள்விகள் தயாராக இருக்கும்.