கதைக் கூடுகையில் என்ன பேசுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பள்ளித் தமிழாசிரியர். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒருமுறை சிறுகதைக் கூடுகை நடத்துகிறோம். ஒருவர் தன் கதையை வாசிப்பார், மற்றவர்கள் கருத்து சொல்வோம். பதினாறு பேரோடு ஆரம்பித்தோம், இப்போது ஏழு பேர். வெளிப்படையாகக் குறை சொன்னால் எழுதியவர் மறுமாதம் வருவதில்லை. பாராட்டினால் அதே மாதிரிக் கதையையே திரும்பக் கொண்டுவருகிறார். எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா, முடியாதா?

செ.

அன்புள்ள செ.,

திறமையைச் சொல்லிக்கொடுக்க முடியாது, திருத்தி எழுதுவதைச் சொல்லிக்கொடுக்கலாம். உங்கள் கூடுகையில் அதற்கு இடமே இல்லை.

முதலில், வாசித்துக் காட்டிக் கருத்து கேட்பதை நிறுத்துங்கள். குரல் நன்றாக இருந்தால் சுமாரான கதையும் தப்பித்துவிடும். ஒருமுறை காதால் கேட்டவர் கதைச்சுருக்கத்தைப் பற்றித்தான் பேசுவார், வாக்கியத்தைப் பற்றிப் பேச அவரிடம் ஒன்றும் இருக்காது. கதை ஒரு வாரம் முன்பே வாட்ஸப்பில் போகட்டும். அச்செடுத்து, பேனாவால் குறித்துக்கொண்டு வரட்டும். ஓர் அமர்வுக்கு இரண்டு கதை, ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம். இதற்கு ஏழு பேர் தாராளம்.

அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய அயோவா எழுத்துப் பட்டறையிலிருந்து பரவிய வழக்கம் ஒன்று உண்டு: தன் கதை பேசப்படும்போது எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. அச்சில் வந்த கதைக்குப் பக்கத்தில் நின்று யாரும் விளக்கம் சொல்ல முடியாதல்லவா, அதுதான் நியாயம். ஆனால் கடற்கரை ஊர்க்காரர் ஒருவரின் கதையை ஆறு உள்ளூர்க்காரர்கள் ‘புரியவில்லை’ என்றால், அவர் ஊமையாக உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்குப் போய் வரிக்கு வரி பொழிப்புரை சேர்ப்பார். கதை போய்விடும்.

நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த நான்கு படி முறை உங்களுக்குப் பொருந்தும். படித்தவர்கள் தங்கள் மனதில் எது நின்றது என்று சொல்கிறார்கள். பிறகு எழுதியவர் தன் சந்தேகங்களைக் கேட்கிறார். மூன்றாவதாக, படித்தவர்கள் அவரிடம் கேள்வி கேட்கிறார்கள். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் ‘முடிவைப் பற்றி ஒன்று சொல்லலாமா?’ என்று அனுமதி பெற்று.

நம்மவர்கள் தடுமாறுவது மூன்றாம் படியில். ‘அப்பாவைப் பற்றி ஏன் இவ்வளவு நீளமாக எழுதினீர்கள்?’ என்பது கேள்வியே அல்ல, தீர்ப்பு. ‘இந்தக் கதையில் அப்பாவுக்கு என்ன வேலை?’ என்று கேட்டால் எழுதியவர் யோசிப்பார். பல நேரம் பதில் சொல்லும்போதே எதை வெட்டவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் கோபித்துக்கொண்டு போகமாட்டார்.

இனி உங்கள் சிவப்புப் பேனா. ஒரு பிரதிக்கு மூன்று குறிப்புக்கு மேல் வேண்டாம். இருபது குறிப்பு கண்டவர் சுலபமான பதினேழைச் சரிசெய்துவிட்டு வருவார். யார் கண் வழியாகக் கதை போகிறது, எது காட்சியாக வந்திருக்கவேண்டும் என்பதை முதலில் பாருங்கள். ஒற்றுப்பிழையைத் தொட உங்கள் கை துறுதுறுக்கும். மூன்றாம் முறை திருத்தி எழுதிய பிரதி வரை பொறுங்கள். நீக்கப்போகும் வாக்கியத்துக்கு எதற்கு சந்தி?

மாற்று வாக்கியத்தை நீங்களே எழுதித் தராதீர்கள். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1899இல் இளைய எழுத்தாளர் கார்க்கிக்கு எழுதிய கடிதத்தில், அடைமொழிகளை வெட்டச் சொன்னபோது, கார்க்கியின் வரியைத் திருத்தவில்லை. மனிதன் புல்லில் உட்கார்ந்தான் என்றால் உடனே புரிகிறது என்றார். அதே மனிதனுக்கு உயரம், நெஞ்சளவு, தாடி நிறம், புல்லுக்கு மிதிபட்ட விவரம் எல்லாம் ஏற்றி, தானே ஒரு வாக்கியம் செய்து காட்டினார். கார்க்கியின் கதை கார்க்கியிடமே இருந்தது.

பழைய கதையே திரும்ப வருவதற்குக் காரணம், இரண்டாம் பிரதியை யாரும் கேட்காததுதான். பேசப்பட்ட கதையின் திருத்திய வடிவம் வராமல் அவரிடமிருந்து புதிய கதை வாங்காதீர்கள். திருத்தத்துக்குக் குறிப்பான வேலை கொடுங்கள். ‘அவர்களுக்குள் அடிக்கடி சண்டை வந்தது’ என்றிருந்தால், அதைக் காட்சியாக எழுதச் சொல்லுங்கள்: ஒரு நாள், ஓர் அறை, இரண்டு பேர், 300 சொல். கோபம், வருத்தம் என்ற சொற்கள் வரக்கூடாது. கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். ஆரம்ப எழுத்தாளர்களின் கதை பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்திருக்கும், மிச்சம் உபதேசம்.

இந்த முறையை ஆரம்பிக்கும் மாதம் உங்கள் கதையையே முதலில் கொடுங்கள், அச்சில் வராததாகப் பார்த்து. ஆசிரியர் குறுக்கே பேசாமல் இருக்கிறாரா என்று அந்த ஏழு பேரும் பார்க்கட்டும்.