படுத்தா மூச்சு முட்டுது, தூக்க மாத்திரை குடுக்கலாமா?

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ், உசிலம்பட்டில இருந்து மதுரைக்குக் கூட்டிட்டு வர்றேன். தண்ணிய பாட்டில்ல அளந்துதான் குடுக்குறேன், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நாலு கிலோ ஏறிருக்குன்னு சத்தம் போடுறாங்க. ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதுன்னு எந்திரிச்சு உக்காந்துக்கிறாரு, விடிய விடிய காலை ஆட்டிக்கிட்டே இருக்காரு. தூக்க மாத்திரை குடுக்கலாமா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: வேணாம்மா. மெடிக்கல்ல கேட்டு நீங்களா வாங்கிக் குடுத்துராதீங்க, சில தூக்க மாத்திரை மூச்சையே மந்தப்படுத்தும். பகல்ல காலுல இறங்கிக் கிடக்குற தண்ணி படுத்ததும் நெஞ்சு, கழுத்துன்னு மேல ஏறுது, நுரையீரல்ல சேந்தா மூச்சு முட்டும், கழுத்துல சேந்தா தொண்டை சுருங்கி குறட்டை வரும், மூச்சு விட்டு விட்டு வரும். அவரு தூக்கத்தக் கெடுக்குறது தண்ணிதான். உக்காந்தும் மூச்சு வாங்குச்சுன்னா, இருமல்ல நுரை வந்துச்சுன்னா அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் பொறுக்காதீங்க, உடனே 108-க்குப் போன் பண்ணுங்க.

பாட்டில அளக்குறீங்க சரி, உப்ப அளக்குறீங்களா? உடம்புக்குள்ள போற 8 கிராம் உப்பு கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும், அதுக்கேத்த மாதிரி தண்ணி தவிக்கவும் செய்யும், அந்தத் தவிப்போட மனுசன் எப்படிக் குடிக்காம இருப்பாரு சொல்லுங்க, அவரத் திட்டாதீங்க. ஒரு நாளைக்கு எல்லாம் சேத்து ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குள்ள இருக்கணும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், பரோட்டாவுக்கு ஊத்துற சால்னா இதையெல்லாம் நிறுத்துனாலே பாதி வேலை முடிஞ்சுரும். இந்துப்பும் உப்புதான். சோடியம் கம்மின்னு விக்கிற உப்புல பொட்டாசியம் இருக்கும், இளநீர்லயும் அதேதான், ரெண்டும் அவரு இதயத்துக்கு ஆபத்து. ரசம், மோர், நீராகாரம், டீ, வெயிலுக்கு வாங்கிக் குடுக்குற ஜிகர்தண்டா எல்லாமே தண்ணிக் கணக்குதான். தவிச்சா சின்ன ஐஸ் துண்டு ஒண்ண வாயில போட்டுக்கட்டும், அதையும் கணக்குல சேத்துக்கோங்க. சுகர் இருந்தா அது ஏறினாலும் தவிக்கும்.

இன்னொண்ணு, ட்ரை வெயிட், அதாவது சேந்த தண்ணியெல்லாம் எடுத்த பிறகு அவருக்கு இருக்க வேண்டிய எடை. சரியா சாப்பிடாம சதை கரைஞ்சுட்டா பழைய ட்ரை வெயிட் தப்பாயிரும், கரைஞ்ச சதை இருந்த இடத்துல தண்ணி உக்காந்திருக்கும், எடை மெஷின்ல காட்டுற கிலோ மட்டும் சரியா இருக்கும். டயாலிசிஸ் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியும் படுக்க முடியலன்னா, கால் வீக்கம் வத்தலன்னா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. நாலு கிலோவ ஒரே நேரத்துல எடுத்தா பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுக்கும், அதனால வாரம் மூணு தடவையா மாத்த முடியுமான்னும் கேளுங்க, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல டயாலிசிஸ் இருக்கு.

கால ஆட்டுறது தனிப் பிரச்சினை, டயாலிசிஸ்ல இருக்குற நிறையப் பேருக்கு வரும். இரும்புச்சத்து கொறைஞ்சா கூடும், அந்த டெஸ்ட்ட எடுக்கச் சொல்லுங்க, சாயங்காலத்துக்கு மேல டீ, காபி வேணாம். ராத்திரி தூக்கம் வரணும்னா டயாலிசிஸ் மெஷின்ல இருக்குற நேரம் முழுக்கத் தூங்க விடாதீங்க, பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுங்க.